அந்த நான்கு வாரத்தைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். மதர்போர்டில் யுஎஸ்பி, டிஸ்க் போன்றவற்றைப் பிராசசரோடு இணைக்கும் நம் புதிய சிப்செட்டின் சோதனைக் காலத்தை எட்டு வாரத்திலிருந்து நான்காகக் குறைத்து நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. டேப்-அவுட் (சிப்பின் வடிவமைப்பை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்புவது) தள்ளிப்போனது, வெளியீட்டுத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது, சிப்பைச் சோதித்துப் பிழை பிடிக்கும் எங்கள் வேலிடேஷன் குழு.

லேபில் ஏழாம் மேஜையில் இருக்கும் மதர்போர்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ராத்திரி முழுக்க அதை ஸ்லீப்பில் போட்டு எழுப்பிக்கொண்டே இருக்கிறோம். நூறு முறை, இருநூறு முறை ஒழுங்காக விழிக்கிறது. ஐந்நூறைத் தாண்டிய பிறகு எப்போதாவது ஒருமுறை, யுஎஸ்பியில் செருகிய கீபோர்டின் விளக்கு எரிவதில்லை. அப்படி ஒரு கீபோர்டு இருந்ததே சிப்செட்டுக்கு மறந்துபோகிறது. சரி, பிடித்துவிடலாம் என்று மின் சிக்னலை அளக்கும் ஆசிலோஸ்கோப்பின் முனையை, அதாவது புரோபை, அந்த லைனில் வைத்தால் கோளாறு வருவதே இல்லை. டாக்டர் வாசலை மிதித்ததும் நின்றுவிடும் பல்வலி மாதிரி. புரோபை வைப்பதே சிக்னலைத் துளி மாற்றிவிடுகிறது என்பது எங்கள் சந்தேகம். பதினோரு ராத்திரி ஆகிவிட்டது. பிழை சிப்பின் சிலிக்கானிலா, போர்டிலா, அதில் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரிலா என்றுகூட இன்னும் தெரியவில்லை.

"பயாஸில் சரிசெய்துகொள்ளலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பயாஸ் என்பது போர்டைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேர். எல்லா நோய்க்கும் திருநீறு, எல்லாக் கோளாறுக்கும் பயாஸ்!

2011 ஜனவரி உங்களுக்கு மறந்திருக்காது. இன்டெலின் 6 சீரிஸ் சிப்செட் கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு டிரான்சிஸ்டரால் ஹார்டு டிஸ்க் செருகும் நான்கு சாட்டா போர்ட்டுகள் நாளாக ஆக வலுவிழக்கும் என்று தெரியவந்தது. வாங்கிய அன்று எல்லாம் நன்றாகவே ஓடும், அதுதான் கொடுமை. திருத்தம் சிப்பின் உலோக அடுக்கில் ஒரு சின்ன மாற்றம். பழுது பார்க்கவும் மாற்றிக்கொடுக்கவும் ஆகும் செலவு 70 கோடி டாலர் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். 2013-இல் 8 சீரிஸ் வந்தபோது, ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் சில யுஎஸ்பி 3.0 பென்டிரைவ்கள் காணாமல் போயின. எங்கள் ஏழாம் மேஜைக்கு அண்ணன் முறை. அவ்வளவு பெரிய லேப் வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி. நம்மிடம் இருப்பது, போர்டைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதிக்கும் ஒரே ஒரு வெப்ப அறை, அதற்கும் வரிசை. ஆகவேதான் கேட்கிறோம், அந்த நான்கு வாரம் வேண்டும்.

டேப்-அவுட் அன்று கேக் வெட்டினோம், ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தீர்கள், நாட்டின் செமிகண்டக்டர் கனவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினீர்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது வெப்ப அறைக்கு நாங்கள் போட்ட கோரிக்கை அன்றும் கையெழுத்தாகவில்லை, இன்றும் ஆகவில்லை. கனவுக்கு ஸ்லைடு இருக்கிறது, சோதனைக்கு நாள் இல்லை.

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து அந்த நான்கு வாரத்தைத் திருப்பித் தாருங்கள். முடியாதென்றால், பிழை இருப்பது தெரிந்தே வெளியிடுகிறோம் என்ற தாளில் யார் கையெழுத்துப் போடுவார் என்பதையாவது எழுத்தில் சொல்லுங்கள்.

திங்கள் காலை வெப்ப அறை எங்கள் முறை. ஏழாம் மேஜை போர்டை உள்ளே வைப்பதா, பெட்டியில் கட்டுவதா என்று அதற்குள் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
வேலிடேஷன் குழுவில் ஒருவன்