அந்த நட்சத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. எங்கள் டெல்டா பக்கத்து வீடுகளில் பித்தளையும் வெண்கலமும் புளித் தேய்ப்புக்கு வெளியே வரும் நேரம். அதற்குள் இந்தக் கடிதம் அச்சாகிவிட்டால் நல்லது.

எங்கள் அப்பாயியின் ட்ரங்குப் பெட்டியில் ஆறு முனை வைத்த வெண்கல நட்சத்திரம் ஒன்று உண்டு. நடுவில் கிரீடம், சுற்றிலும் ‘தி பர்மா ஸ்டார்’ என்று ஆங்கில எழுத்து. இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் இருந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கம். அது அப்பாயியின் அண்ணனுடையது. அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்பாயிக்கு அவர் ‘அண்ணன்’, என் அப்பாவுக்குப் ‘பர்மா மாமா’, அவ்வளவுதான். பிழைப்புக்குக் கப்பலேறிப் போனவர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

வருடா வருடம் தேய்த்தோமே தவிர, பின்பக்கத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. போன வருடம் தேய்க்கும்போது விரலில் ஏதோ நெருடியது. பேரன் போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தான். முதலில் ஓர் எண், அப்புறம் ‘எஸ்.பி.ஆர்.’, ஒரு பெயர், கடைசியில் ‘எஸ். அண்ட் எம்.’ நான் எஸ்.பி.ஆரை இனிஷியல் என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான தகப்பன் பெயரைக் கேட்டுச் சொந்தக்காரர்களை ஒரு மாதம் துளைத்தெடுத்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் முன்னாள் ராணுவத்துக்காரர் சிரித்துவிட்டார். “டீச்சர், அது சாப்பர். பாலம் போடுற, ரோடு போடுற பட்டாளம். எஸ். அண்ட் எம்.னா சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூர்ல இருக்குல்ல, மெட்ராஸ் சாப்பர்ஸ், அதுதான்.”

இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் விவரத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரை எப்படி அடித்தாலும் எங்கள் ஆள் வரவில்லை. பட்டாள எண்ணைப் போட்டுத் தேடலாம் என்று பேரன்தான் கண்டுபிடித்தான். ஆனால் கடைசி இலக்கம் எங்கள் வீட்டுப் புளியில் கரைந்து போயிருந்தது. சரி என்று 0-விலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். 8-ல் கிடைத்தார்.

1944 ஜூன் 12. தாரண வருஷம், வைகாசி, தேய்பிறை. தனிக் கல்லறை இல்லை. யாங்கூனுக்கு வடக்கே தாவுக்யானில் இருக்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பெயர்களோடு அவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. தகப்பனார் பெயர், ஊர், தஞ்சாவூர் ஜில்லா என்றெல்லாம் போட்டு, அடுத்ததாக ‘இன்னாரின் கணவர்’ என்று ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது. அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அப்பாயி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஏன் என்று கேட்க அவர் இப்போது இல்லை.

அந்த அம்மாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, “1944-ஆ? அப்போ இந்த மாவட்டமே இல்லையேம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அது நிஜம்தான். 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று பிரிந்துவிட்டது. பழைய ஆளைத் தேடுகிறவர்கள் இந்தப் பெயர்களை மறந்துவிட்டு ‘தஞ்சாவூர்’ என்றே தேட வேண்டும். வேலூர் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்காக ஒரு கல் இருக்கிறது. இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் எண்ணிக்கையாவது இருக்கிறது. எங்கள் ஊரில் அதுவும் கிடையாது.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘பர்மாவுல புருஷன் செத்துப் பட்டாளத்துப் பணம் வாங்கினவ’ என்று பாட்டி யாரையாவது சொல்லி உங்கள் வீட்டில் கேட்டிருந்தால் தெரிவியுங்கள். மறுமணம் செய்துகொண்டு போயிருந்தாலும் சரி, பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டிருந்தாலும் சரி. பெயரும் ஊரும் தனித்தாளில் எழுதித் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

உங்கள் பெட்டியிலும் இப்படி ஒரு நட்சத்திரம் இருந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி, எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இந்த வருடம் ஈரத்துணிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை,
குடவாசல்.