முதலில் அத்தையைப் போய்ப் பார்

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவளுக்காகக் குடும்ப வரலாற்றை எழுதி வைக்கப் போகிறாய், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். பரமக்குடியில் உன் அத்தை இருக்கிறார்களே, அங்கேதான். கம்ப்யூட்டரெல்லாம் அப்புறம்.

பத்திரங்களில் ஆண்கள் கிடைத்துவிடுவார்கள். எங்கள் மூலப்பத்திரத்தில் இன்னார் குமாரர் இன்னார் என்று மூன்று தலைமுறை வரிசையாக இருக்கிறது. நான்கெல்லை சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர்கூட உண்டு. கொள்ளுப்பாட்டி பெயர்தான் எங்கும் இல்லை. அதைச் சொன்னது என் பெரியம்மா. எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், எத்தனை பெற்றார், எத்தனை தங்கியது, எல்லாம் அவர்கள் வாயிலிருந்து வந்ததுதான்.

அத்தையிடம் வருஷம் கேட்காதே. தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேள். எங்கள் டிரங்குப் பெட்டியில் கட்டம் கிழிந்துபோன ஒரு ஜாதகம் கிடைத்தது. தாத்தாவின் பெயர், குரோதி வருஷம், மார்கழி மாதம். அவ்வளவுதான் மிச்சம். குரோதி 1904இலும் வந்தது, அறுபது வருஷம் கழித்து 1964இலும் வந்தது. தாத்தாவுடையது என்றே வைத்திருந்தோம். பெரியம்மா அதைக் கையில் வாங்கியதும், "தனுஷ்கோடியில ரயில் கடலுக்குள்ள போன வாரம் பிறந்த புள்ளப்பா" என்றார்கள். 1964 புயல் அது. ஜாதகம் தாத்தாவின் பெயரையே வைத்த, பெரியம்மாவின் மூத்த மகனுடையது. ஒரு வயதுகூட நிறையாமல் போய்விட்டவன். எனக்கு இப்படி ஓர் அண்ணன் இருந்ததே அன்றுதான் தெரியும்.

அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பத்திரம் எங்கும் போய்விடாது. வில்லங்கச் சான்று பிந்திய காலத்தது பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம், அங்கே கிடைக்காத பழையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அத்தைக்குத்தான் வயதாகிறது. சொல்லிவிட்டுப் போனில் பதிவு செய். பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் போட்டோக்களையும் எடுத்துப் போய் முன்னால் வை, பேச்சு தானாக வரும். இறந்த குழந்தைகளைப் பற்றி மட்டும் அவர்களாகச் சொன்னால் கேள், துருவாதே.

மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவாய் அல்லவா? பங்காளிகள் எல்லாரும் வருவார்கள், நோட்டை மறக்காதே. மருமகளுக்கு உடம்பு தேறிவிட்டதா என்று எழுது.

அன்புடன்,
கணேசன்