செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அன்பான அங்கத்தவர்களே, வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் இயங்கும் நமது முதியோர் வாசகர் வட்டத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். மாதாந்தக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஆண்டுக்கான பேசுபொருளைத் தெரிவுசெய்த கூட்டம் மிகவும் சூடாக இருந்தது. கனடா 51ஆவது மாநிலமாக வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி சொல்லிக்கொண்டிருந்த நேரம்; கனடியப் பொருட்கள் மீதான 25 வீத வரி பற்றிய அறிவிப்புகளும் வந்தபடி இருந்தன. எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்க நகரமான பஃபலோவுக்கு வழமையாகப் போகும் பயணத்தை இம்முறை கைவிட வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எண்பதுகளில் அமெரிக்காவுக்குள் வந்திறங்கி, பஃபலோவில் தங்கியிருந்து, பிறகு இந்த நாட்டில் தஞ்சம் கேட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் குளிரில் படுக்க இடமும் சாப்பாடும் தந்த தேவாலயத்தாரைப் பற்றி ஒரு மூத்த அங்கத்தவர் எழுந்து பேசியதும் சபை அமைதியானது. தலைவர்களின் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று உண்மையில் என்ன செய்திருக்கின்றன என்று ஆண்டு முழுவதும் பார்ப்பதென அன்று தீர்மானித்தோம்.

முதல் அமர்வு கிழக்குக் கனடாவின் துறைமுக நகரான ஹலிபாக்ஸில் நடந்த வெடிவிபத்தைப் பற்றியது. 1917 டிசம்பர் 6ஆம் திகதி காலை, வெடிமருந்து ஏற்றிவந்த மொன்ட் பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பலும் ஈமோ என்ற நோர்வேக் கப்பலும் துறைமுகத்தின் ஒடுங்கிய பகுதியில் மோதின. மொன்ட் பிளாங் தீப்பிடித்து வெடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேர் காயப்பட்டார்கள். எரியும் கப்பலை ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்களில் கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தன. செய்தி அரைகுறையாக எட்டியதுமே பொஸ்டன் நகரம் இருக்கும் அமெரிக்க மாநிலமான மசசூசெற்ஸின் ஆளுநர் மக்கோல் உதவத் தயார் என்று தந்தி அடித்தார். பதில் வரவில்லை. பதிலுக்காக அவர்கள் காத்திருக்கவும் இல்லை. அன்றிரவே வைத்தியர்களும் தாதியரும் மருந்துகளுமாகப் பொஸ்டனிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. வழியில் பனிப்புயல் மறித்தது. தண்டவாளத்தை மூடிய பனியை அள்ளி அகற்றிக்கொண்டு 8ஆம் திகதி காலை ஹலிபாக்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஹலிபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணம் நன்றியாக ஒரு நத்தார் மரத்தைப் பொஸ்டனுக்கு அனுப்பியது. 1971இல் அந்த வழக்கம் மீண்டும் தொடங்கி ஆண்டுதோறும் தொடர்கிறது. பதில் வராமலே ரயிலை அனுப்பினார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2001 செப்டெம்பர் 11 தாக்குதலன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதால் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள கண்டர் ஊரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கியதும், சுமார் 10,000 பேர் மட்டுமே வாழ்ந்த ஊர் 6,500க்கும் மேற்பட்ட விருந்தாளிகளைக் கவனித்ததும் நமக்குத் தெரிந்தவை. வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்துச் சாரதிகள் போராட்டத்தை விட்டுவிட்டு வந்து வண்டி ஓட்டினார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தி. 1994 முதல் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கியூபெக்கின் தீயணைப்பு விமானங்கள் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்துக்குப் போகின்றன. 2025 ஜனவரித் தீயின்போதும் அவை அங்கே பறந்தன.

அதிகம் பேர் வந்தது இரு நாட்டு எல்லையிலுள்ள பெரும் ஏரிகள் பற்றிய அமர்வுக்குத்தான். 1909ஆம் ஆண்டின் எல்லை நீர் ஒப்பந்தப்படி அமைந்த ஆணைக்குழுவில் ஆறு பேர், நாட்டுக்கு மூவர். பலம் மிக்க நாடென்று அமெரிக்காவுக்கு ஓர் ஆசனமும் கூடுதலாக இல்லை. மீன்வளத்துக்கு வேறோர் ஆணைக்குழு. லாம்ப்ரி என்ற ஒட்டுண்ணி மீன் கப்பல் கால்வாய் வழியாக மேல் ஏரிகளுக்குள் புகுந்து ட்ரவுட் மீன்களின் இரத்தத்தை உறிஞ்சி மீன்பிடித் தொழிலையே முடக்கியது. ஐம்பதுகளில் இரு நாடுகளும் சேர்ந்து அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. குஞ்சுகள் வளரும் ஆறுகளில் அவற்றைக் கொல்லும் மருந்திட்டு அதன் தொகையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். கோவிட் காலத்தில் 2020இலும் 2021இலும் அந்த வேலை சுருங்கியது. உடனே லாம்ப்ரி மறுபடி பெருகிவிட்டது. எழுபது ஆண்டு உழைப்புக்கு இரண்டு ஆண்டு இடைவெளி கூடத் தாங்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் அங்கத்தவர்கள் தேநீருடன் நின்று இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வருத்தமான செய்தியும் உண்டு. கியூபெக்–வெர்மொன்ட் எல்லைக்கோட்டின் மேலேயே கட்டப்பட்ட ஹஸ்கெல் நூலகத்துக்கு, கனடியர்கள் நடைபாதையால் நடந்துபோய் அமெரிக்கப் பக்கத்திலுள்ள முன்வாசலால் நுழைவது வழக்கம். இவ்வாண்டு அமெரிக்க அதிகாரிகள் அதைக் கட்டுப்படுத்தினார்கள். நூலகத்தார் கனடாப் பக்கத்தில் ஒரு வாசல் அமைக்கப் பணம் சேர்த்தார்கள். புத்தகம் வாசிக்கக் கூடும் நமக்கு இது மனதில் தைத்தது.

பயணத்தைப் பற்றி: எல்லை கடக்க விரும்பாதவர்களை வற்புறுத்த நிர்வாக சபை விரும்பவில்லை. ஆகவே பஃபலோவுக்கு எதிர்க்கரையில், கனடாப் பக்கத்தில் இருக்கும் போர்ட் ஈரியோடு நின்றோம். 1814இல் இரு தரப்பும் கடும் போர் நடத்திய கோட்டை அங்கே இருக்கிறது. அதிலிருந்து சிறிது தூரத்தில், நூறாண்டு சமாதானத்தின் நினைவாக 1927இல் திறந்த சமாதானப் பாலம். பஃபலோவில் இருக்கும் நமது குடும்பங்கள் அந்தப் பாலத்தைக் கடந்து நம்மிடம் வந்தார்கள். ஆற்றங்கரையில் ஒன்றாகச் சாப்பிட்டோம். இட்டலியும் சம்பலும் கொண்டுவந்த அவர்களுக்கும், பேருந்து ஒழுங்கு செய்த உபசெயலாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். பஃபலோக் குடும்பங்களுடனான ஆற்றங்கரைச் சந்திப்பை, எல்லையில் நிலைமை எப்படி இருந்தாலும், ஆண்டுதோறும் நடத்துவது. தஞ்சம் கேட்டு அந்தப் பாதையால் வந்த அங்கத்தவர்களின் அனுபவங்களை ஒலிப்பதிவு செய்து வைப்பது. இரண்டாவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பணிவுடன் கேட்கிறேன். அவர்களில் சிலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

இவ்வறிக்கையை ஏற்று, முன்மொழிவுகளைச் சபை விவாதத்துக்கு எடுக்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்