முறைப்பாடு: இணையம் அறுந்தால் அழிந்துபோகும் தாவல் விளையாட்டு

பரந்தன்,
கிளிநொச்சி மாவட்டம்.

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

ஐயா / அம்மணி,

உங்கள் நிறுவனம் வெளியிட்ட, பலகைக்குப் பலகை தாவிச் செல்லும் பிளாட்ஃபார்மர் வகை விளையாட்டை வங்கி அட்டையில் முழுப் பணமும் செலுத்தி வாங்கினேன். ஒருவர் தனியாக ஆடும் விளையாட்டு அது. இருந்தும் இணையம் ஒரு நொடி அறுந்தாலே முகப்புத் திரைக்குத் திரும்பிவிடுகிறது. கடைசிச் சேமிப்பு இடத்துக்குப் பிறகு கடந்தது எல்லாம் அழிந்துவிடுகிறது.

மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்தில் மின்சாரம் அடிக்கடி போகும். மடிகணினியில் பற்றரி இருக்கும், ரூட்டர் அணைந்துவிடும். நீர்வீழ்ச்சிக் கட்டத்தில் நகரும் பலகைகளை எல்லாம் தாண்டி, என் அக்காவின் மகன் கடைசிப் பலகையில் கால் வைத்த வேளையில் அதுதான் நடந்தது. சேவையகத்துடன் தொடர்பில்லை என்று திரையில் ஒரு வரி. பிள்ளை ஒன்றும் பேசாமல் மடிகணினியை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை அவன் கேட்கவே இல்லை.

விளையாட்டு கடினம் என்பது என் முறைப்பாடு அல்ல. கடினமானவற்றைத் தேடி ஆடுகிறவன் நான். 2010 இல் வந்த சூப்பர் மீட் பாய் என்ற விளையாட்டில் பல கட்டங்களைச் சாகாமல் தாண்டுவது மிகக் கடினம். ஆனால் கட்டங்கள் சிறியவை, செத்த கணமே மறுபடி ஓடத் தொடங்கலாம். 2018 இல் வந்த செலஸ்ட் இன்னும் நேர்மையானது. விளிம்பை விட்டுக் கால் நழுவிய பின்னும் மிகச் சிறிய நேரத்துக்குத் தாவலை ஏற்றுக்கொள்ளும். செத்தால் அதே திரையிலேயே மீண்டும் தொடங்கும். முடியாதவர்கள் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்.

இப்படியான மற்ற விளையாட்டுகளிலும் குறை உண்டு. லிம்போ என்ற விளையாட்டில் சில பொறிகள் எங்கே இருக்கின்றன என்பதைச் செத்துத்தான் அறிய வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஒரு சிறு குழு செய்து 2017 இல் வெளியிட்ட ஹாலோ நைட்டில், செத்தால் கடைசியாக அமர்ந்த இருக்கையிலிருந்து நெடுந்தூரம் திரும்பி நடக்க வேண்டும். அது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்த நடைக்குக் காரணம் நான் பட்ட அடி. உங்கள் விளையாட்டில் நான் தோற்காமலே தண்டிக்கப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முட்களின் ஓவியத்துக்கும் அவை கொல்லும் எல்லைக்கும் பொருத்தமில்லை. பாத்திரத்தின் கால் முள்ளுக்கு மேலே தெளிவாக நிற்கும்போதே உயிர் போகிறது. காணொளியை நிறுத்திப் பார்த்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பதிவை இணைத்திருக்கிறேன். ஓவியமும் இசையும் மிக நன்றாக இருக்கின்றன. அவற்றைச் செய்த கைகளுக்கு இது அநியாயம்.

முதலில் எழுதியபோது, இணைய வேகத்தைச் சரிபார்க்குமாறு ஒரு ஆயத்தப் பதில் அனுப்பினீர்கள். நான் கேட்டது வேகத்தைப் பற்றி அல்ல. இணையம் இல்லாமலும் ஆடவும் கணினியிலேயே சேமிக்கவும் வழி செய்யுங்கள். முட்களின் எல்லையைத் திருத்துங்கள். இரண்டும் இயலாதென்றால் நான் செலுத்திய பணத்தை முழுமையாக மீளத் தாருங்கள். கட்டணப் பற்றுச்சீட்டின் பிரதியும் இத்துடன் உள்ளது. இம்முறை கடிதத்தை வாசித்த ஒருவரின் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்