கட்டி தட்டிய களிக்கு ஒரு நன்றி

அம்மாவுக்கு முடியாமல் போய் முதியோர் இல்லத்தில் சேர்த்தது வரை நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேற்று ராத்திரி அம்மா இன்னும் இரண்டு கவளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேரங்காலம் பார்க்காமல் கார் எடுத்த பாலக்கோட்டு நண்பர்கள், முதியோர் உதவி எண் 14567-ல் பொறுமையாக விவரம் சொன்ன பெண், இல்லத்தில் அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும் அக்காக்கள், எல்லாருக்கும் என் கும்பிடு.

அப்புறம், அந்த பிளஸ் ஒன் பிள்ளை.

சனிக்கிழமைகளில் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் இல்லத்துக்கு வருகிறார்கள் என்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். நான் படித்தபோது பள்ளி மைதானத்தில் பார்த்தீனியம் பிடுங்கியதுதான் அதில் எனக்கு ஞாபகம். பாட்டுப் பாடி, பழம் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றிருந்தேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை டிபன் பாக்ஸில் கேழ்வரகுக் களியோடு வந்ததாம். "ஆயா, நான் கிண்டினா மட்டும் ஏன் கட்டி தட்டுது?"

வாரக்கணக்கில் 'ம்' தவிர வாய் திறக்காத அம்மா, களியை விரலால் நசுக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே பச்சை மாவு. "தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே மாவைக் கொட்டிட்டே கண்ணு. வெந்துச்சான்னு ஈரக்கையால தொட்டுப் பாரு, ஒட்டக் கூடாது."

இல்லத்து அக்கா போனில் இதைச் சொன்னபோது ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். என் பஸ் போய்விட்டது. போகட்டும்.

நாங்கள் எல்லாரும் ஹார்லிக்ஸும் சால்வையுமாகக் கொடுக்கத்தான் போனோம். அதியமான் ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லியா தர வேண்டும்! அம்மாவிடம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போக வந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். அடுத்த வாரக் களியில் ஒரே ஒரு கட்டி. அதையும் அம்மா கண்டுபிடித்துவிட்டார். இப்போதெல்லாம் சனிக்கிழமை விடிந்ததும் சீப்பைக் கேட்கிறாராம்.

'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்பதோடு இனி நிறுத்திக்கொள்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். போன ஞாயிறு அவரைக்கொட்டைக் குழம்புக்கு என்ன வறுத்து அரைப்பாய் என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் தின்னியே, ஒரு நாளாச்சும் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தியா?" என்று ஆரம்பித்தவர், பார்வை நேரம் முடியும்வரை திட்டினார்.