ஆசிட் கலவைக் கணக்கு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்க மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், எங்களிடம் வாங்கிய 98 சதவீதக் கந்தக அமிலத்தில் 10 லிட்டரை 10 லிட்டர் தண்ணீரில் கலந்துவிட்டு, சென்ற மாதம் இரண்டு குறைகளோடு கடைக்கு வந்தார். சரிபாதி கலந்தும் கரைசல் 49 சதவீதத்துக்கு இறங்கவில்லை என்பது ஒன்று. 20 லிட்டர் வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய பதினெட்டரை லிட்டர்தான் தேறியது, ஆகவே கேனில் அளவு குறைகிறது என்பது மற்றொன்று. அவர் கண்டது இரண்டும் உண்மை. ஆனால் கேனில் குறையில்லை.

கேனில் அச்சிட்டுள்ள சதவீதம் எடைக் கணக்கு. 98 சதவீத அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ நிற்கும். தண்ணீரோ 1 கிலோதான். அவர் கலந்தது 18.4 கிலோ அமிலமும் 10 கிலோ தண்ணீரும், மொத்தம் 28.4 கிலோவில் தூய அமிலம் மட்டும் 18 கிலோ இருப்பதால், செறிவு 63 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கலந்தபின் லிட்டர் சுருங்குவது இவ்விரண்டுக்கும் உள்ள இயல்பு, எடை சுருங்குவதில்லை. எனவே அளவுக்குவளையை ஒதுக்கிவிட்டுத் தராசில் நிறுத்துக் கலக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மீந்துபோன 10 சதவீதக் கரைசலோடு 98 சதவீதத்தைச் சேர்த்து 32 சதவீதமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 32-இல் 10 போக 22. இது 98 சதவீத அமிலத்தின் பங்கு. 98-இல் 32 போக 66. இது 10 சதவீதக் கரைசலின் பங்கு. ஆக, ஒன்றுக்கு மூன்று: 20 கிலோவுக்கு 60 கிலோ. சரிபார்க்க வேண்டுமானால், 19.6 கிலோவும் 6 கிலோவும் சேர்ந்த 25.6 கிலோ தூய அமிலம் 80 கிலோவில் 32 சதவீதமே.

அடர் அமிலத்தைத்தான் நீர்த்த கரைசலில் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கலவை நன்றாகச் சுடும் என்பதால், ஆறிய பிறகே கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை இறக்குங்கள். சூட்டில் அது குறைத்தே காட்டும். பேட்டரிக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்: கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும், இரும்பு கலந்த கமர்ஷியல் ஆசிட்டை பேட்டரியில் ஊற்றாதீர்கள்.

லேபிளில் வெறும் சதவீதத்தை மட்டும் அச்சிட்டது எங்கள் தவறு. அடுத்த லோடிலிருந்து ‘எடைச் சதவீதம்’ என்ற சொல்லும், 5 லிட்டர் கேனாயின் 9.2 கிலோ என்ற நிகர எடையும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்