காது கேக்காதுன்னு என்னை படகுல இருந்து இறக்கி விட்டது, சளியோட இருந்த என் தம்பிய தண்ணிக்குள்ள இறக்குனது பத்தி புகார்

மேனேஜர் சாருக்கு வணக்கம்ங்க.

சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல இருக்கற உங்க புக்கிங் ஆபீஸ்ல பாண்டிச்சேரி ஸ்கூபா (முதுகுல காத்து டேங்க் மாட்டிகிட்டு கடலுக்குள்ள இறங்கறது) பேக்கேஜ் எடுத்தவ நான், எனக்கும் என் தம்பிக்கும் சேத்து முழு பணமும் முன்னாடியே கட்டியாச்சு. சின்ன வயசுல இருந்தே எனக்கு ரெண்டு காதும் சரியா கேக்காது, மெஷின் போட்டுருக்கேன்னு புக் பண்றப்பவே வாட்ஸ்அப்ல தெளிவா எழுதி, எங்க ஈஎன்டி டாக்டர் குடுத்த லெட்டரையும் கூடவே அனுப்பினேன். அதுக்கு உங்க ஆளு "ஓகே மேடம், நோ ப்ராப்ளம்"னு போட்ட பதில் இன்னும் என் போன்ல இருக்குங்க.

ராத்திரி பூரா பஸ்ல வந்து, காலைல சூட் எல்லாம் மாட்டி, படகுல உக்காந்துட்டேன். தண்ணி படாம இருக்கணும்னு மெஷின் ரெண்டையும் கழட்டி டப்பாவுல வெச்சேன், அத பாத்த உங்க இன்ஸ்ட்ரக்டர் என் பக்கம் திரும்பவே இல்ல, என் தம்பிகிட்ட "அக்காவுக்கு காது கேக்காதா? அப்ப வேண்டாம் சார், ரிஸ்க்"னு சொல்றாரு. அவர் உதட்ட பாத்தே எனக்கு புரிஞ்சிடுச்சு. டாக்டர் லெட்டர போன்ல எடுத்து நீட்டினேன், வாங்கி கூட பாக்கல, அத்தன பேர் முன்னாடி இறங்க சொல்லிட்டாங்க. அந்த இடத்துல எனக்கு எப்படி இருந்துருக்கும்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

தண்ணிக்குள்ள யாரும் யார்கிட்டயும் வாய்விட்டு பேச போறதில்லயே சார், எல்லாருக்கும் அங்க கை சைகை தான பாஷை. உங்க ஆளு கரைல சொல்லிக்குடுத்த சைகை எல்லாத்தையும் நான் தான் முதல்ல திருப்பி செஞ்சு காட்டினேன், கட்டை விரல தூக்குனா சூப்பர்னு அர்த்தம் இல்ல மேல போகணும்னு அர்த்தம், உள்ளங்கைய கவுத்து ஆட்டிட்டு காத தொட்டு காட்டுனா காதுல பிரச்சனைன்னு அர்த்தம், எல்லாம் இப்பவும் ஞாபகம் இருக்கு. டேங்க்ல தட்டி கூப்பிட்டா இவங்களுக்கு கேக்காதேன்னு உங்க சூப்பர்வைசர் அப்புறமா ஒரு காரணம் சொன்னாரு. முதல் தடவ இறங்கறவங்கள இன்ஸ்ட்ரக்டர் கையில புடிச்சுகிட்டே தான கூட்டிட்டு போறாரு, தோள தட்டுனா போதாதா? நல்லா காது கேக்கறவங்களுக்கே தண்ணிக்குள்ள சத்தம் எந்த பக்கம் இருந்து வருதுன்னு தெரியாது, காத்துல போறத விட நாலு மடங்குக்கு மேல வேகமா போகுது அங்க.

உலகம் பூரா டைவிங்ல வாங்கற மெடிக்கல் ஃபார்ம்ல காது கேக்கறதுல குறை உண்டான்னு ஒரு கேள்வி இருக்கு, ஆமான்னு டிக் பண்ணா டாக்டர் பாத்து கையெழுத்து போடணும்னு தான் அதுக்கு அர்த்தம். அத தான் நான் செஞ்சேன். குறை உள்காதுல, செவிப்பறைல ஓட்டை இல்ல, ஆபரேஷன் எதுவும் பண்ணல, நடுக்காது அழுத்தம் பாக்கற டெஸ்ட் நார்மல், இருக்கற கொஞ்ச கேள்வித்திறனும் போயிட வாய்ப்பு எப்ப வரும்னு எல்லாம் உக்கார வெச்சு விளக்கி தான் எங்க ஈஎன்டி டாக்டர் லெட்டர் குடுத்தாரு.

இப்ப என் தம்பி விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுல தான் ஜாஸ்தி கோவம். அவனுக்கு அன்னிக்கு மூக்கடைப்பு, பேச்சே மூக்கால தான் வந்துச்சு. உங்க ஆளுங்க ஒருத்தர் கூட சளி இருக்கான்னு கேக்கல. எங்க ஊர்ல ஏற்காடு பஸ் ஏறின யாருக்கும் காது அடைக்கறது என்னன்னு தெரியும், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி வர்ற மொத்த அழுத்த வித்தியாசமும் கடல்ல ஒன்றரை மீட்டர் இறங்கறதுக்குள்ள வந்துடும். பத்து மீட்டர் போனா அழுத்தம் ரெண்டு மடங்கு, நடுக்காதுல இருக்கற காத்து பாதியா சுருங்கிடும். மூக்குக்கு பின்னாடி இருந்து நடுக்காதுக்கு போற குழாய் வழியா காத்து உள்ள போனா தான் செவிப்பறை தாங்கும், சளி புடிச்சு வீங்கியிருந்தா அந்த குழாய் எப்படி திறக்கும்? தம்பி கொஞ்சம் ஆழம் போனதுமே கைய ஆட்டி காத காட்டிருக்கான். உங்க இன்ஸ்ட்ரக்டர் மேல கூட்டிட்டு வராம, மூக்க புடிச்சு இன்னும் பலமா ஊதுன்னு சைகை காட்டி இன்னும் கீழ இழுத்துட்டு போயிருக்காரு. வீடியோ எடுக்கணும்னு அவசரம். மேல வந்தப்ப மாஸ்க் உள்ள மூக்குல இருந்து ரத்தம்.

அப்படி முக்கி ஊதுறது எவ்வளவு ஆபத்துன்னு சேலம் வந்து டாக்டர்கிட்ட போனப்ப தான் தெரிஞ்சுது, உள்காதுல இருக்கற மெல்லிசான ஜவ்வு கிழிஞ்சா நிரந்தரமா செவிடாகலாம், தலைசுத்தலும் இரைச்சலும் நிக்காம போகலாம். கடவுள் புண்ணியத்துல அவனுக்கு அது வரைக்கும் போகல. செவிப்பறை செக்கச்செவேல்னு இருக்கு, பின்னாடி தண்ணி கோத்திருக்கு, அந்த காது மந்தமா தான் கேக்குது, குணமாக சில வாரம் ஆகும்னாரு டாக்டர். அவன் ஏற்காட்டுல காபி எஸ்டேட் சூப்பர்வைசர், தினமும் பைக்ல போயிட்டு வர்றவன், இப்ப ஒவ்வொரு வளைவுலயும் காது குத்துதுன்னு மலை மேலயே ஃப்ரெண்ட் ரூம்ல தங்கிருக்கான். காது கேக்காம வாழறது என்னன்னு எனக்கு தெரியும் சார், அது என் தம்பிக்கு வந்துடுமோன்னு காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற அந்த ஆடியோகிராம் ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் எனக்கு உயிரே இல்ல.

பணத்த கேட்டா மெடிக்கல் காரணத்துக்கு ரீஃபண்ட் கிடையாதுன்னு உங்க சேலம் ஆபீஸ்ல சொல்றாங்க. எனக்கு என் பங்கு பணம் முழுசா திரும்ப வரணும், தம்பியோட வைத்திய செலவ நீங்க ஏத்துக்கணும், பில் எல்லாம் இணைச்சிருக்கேன். படகு ஏறும் முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் மூக்கடைப்பு, காது வலி இருக்கான்னு கேக்கறதுக்கும், காத காட்டுனா உடனே மேல தூக்கறதுக்கும் உங்க ஆளுங்களுக்கு என்ன உத்தரவு போட்டீங்கன்னு எழுத்துல வேணும். அந்த இன்ஸ்ட்ரக்டர் என்கிட்ட மன்னிப்பு கேக்கணும், தம்பிகிட்ட சொல்லி விடாம என் மூஞ்சிய பாத்து.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 படி ஊனத்த காரணம் காட்டி பாகுபாடு பண்ணக்கூடாது. நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019 படி நான் குடியிருக்கற சேலத்துலயே வழக்கு போடலாம், அதுக்காக பாண்டிச்சேரி அலைய வேண்டியதில்ல. பதினஞ்சு நாளைக்குள்ள பதில் வரலன்னா சேலம் மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல மனு போடுவேன். பதில போன்ல சொல்லாதீங்க, மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ எழுத்துல அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.